கார் கார்ப்பெட் ஈரமும் வாடையும்: கடலூர், புதுச்சேரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூரில் சீட் கவர் தைக்கிற கடை என்னுடையது. சீட்டைக் கழற்றித்தான் கவர் மாட்டுவேன். கழற்றினால் அடியில் கிடப்பதெல்லாம் தெரிந்துவிடும்: முறுக்குத் துண்டு, பேனா மூடி, ஒன்றிரண்டு நாணயம், அதோடு ஈரம். ஐப்பசி பிறந்துவிட்டால் கவர் தைக்க வருகிறவர்களைவிட "உள்ளே ஒரு மாதிரி நாறுது, கொஞ்சம் பாருங்க" என்று வருகிறவர்கள்தான் அதிகம். கேள்விகளும் சொல்லி வைத்தாற்போல் அதேதான். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி மாளவில்லை. அதனால் அவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலையும் போட்டுவிட்டேன்.

"மேலே கை வெச்சுப் பார்த்தா நல்லா காஞ்சுதான் கிடக்கு அண்ணே. அப்புறம் எங்கேருந்து நாறுது?"

நீங்கள் தொட்டுப் பார்ப்பது கார்ப்பெட்டின் தோலைத்தான். அது நைலான், பாலியெஸ்டர், பாலிப்ரொப்பிலீன் வகை நூல். தண்ணீரை அதிகம் குடிக்காது, சீக்கிரம் காய்ந்துவிடும். பல கார்களில் அதன் முதுகில் ரப்பர் மாதிரி கனமான பூச்சு ஒன்று இருக்கும். அதற்கும் கீழே விரல் கனத்துக்கு ஒரு மெத்தை, தகரத்தின் மேல் படுத்திருக்கும். பழந்துணி நூலை அமுக்கிச் செய்ததாகவோ ஸ்பாஞ்சாகவோ இருக்கும். ரோட்டுச் சத்தமும் சூடும் உள்ளே வராமல் தடுக்க வைத்தது அது. தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்வதும் அதுவேதான். இந்தப் பக்கம் முழுக்க நான் "அடிமெத்தை" என்று சொல்வது அதைத்தான்.

அடிமெத்தைக்கு மேலே பூச்சு, கீழே தகரம். ஆவி போக வழியே இல்லை. அந்த ஈரத்தில் ஒன்றிரண்டு நாளிலேயே பூஞ்சையும் பாக்டீரியாவும் பிடித்து வளர ஆரம்பித்துவிடும். அவை விடுகிற வாயுதான் உங்கள் மூக்குக்கு வருகிறது. கார்ப்பெட் கழுவுவது அரை மணி நேர வேலை. அடிமெத்தையைக் காயவைப்பது இரண்டு மூன்று நாள் வேலை. எல்லாரும் முதல் வேலையை முடித்துவிட்டு ஊர் சுற்றக் கிளம்பிவிடுகிறார்கள்.

"நம்ம ஊர் வெயிலுக்கு நாலு மணி நேரம் நிறுத்தினா போதாதா?"

கண்ணாடியை ஏற்றிவிட்டு நிறுத்தினால் போதாது. உள்ளே கொதித்து ஈரம் ஆவியாகும், உண்மைதான். ஆனால் அந்த ஆவி காருக்குள்ளேயே சுற்றி, ராத்திரி கண்ணாடியிலும் கூரைத் துணியிலும் படிந்து, விடிவதற்குள் திரும்பக் கீழே வந்துவிடும். காலையில் கண்ணாடியின் உள்பக்கம் பனி பூத்திருந்தால் இதுதான் நடந்திருக்கிறது என்று அர்த்தம். வெயிலில் போடுவதென்றால் நான்கு கதவையும் டிக்கியையும் திறந்து போடுங்கள். உள்விளக்குகளை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சாயங்காலம் பேட்டரி இறங்கிக் கிடக்கும்.

நம்முடையது கடலோர ஊர் என்பதையும் மறக்கக் கூடாது. பண்ருட்டிப் பக்கம் காய்கிற வேகத்தில் தேவனாம்பட்டினத்தில் காயாது. மதியத்துக்கு மேல் கடல் காற்று எழுந்துவிட்டால் காற்றே ஈரமாக வரும். காலை ஒன்பது மணியிலிருந்து இரண்டு மணி வரைதான் காயவைக்க நல்ல நேரம். சூரியன் சாய்ந்ததும் மூடிவிடுங்கள்.

"ஏசி போட்டா நாறுது. இது ஏசி வாடையா, கார்ப்பெட் வாடையா?"

காலையில் கதவைத் திறந்ததும் இழுக்கிற முதல் மூச்சுதான் சாட்சி. இரண்டு நிமிஷம் உள்ளே உட்கார்ந்துவிட்டால் மூக்குக்குப் பழகிவிடும், பிறகு ஒன்றும் தெரியாது. கதவைத் திறந்த உடனேயே ஈரச்சாக்கு மாதிரி மக்கல் வாடை வந்தால் கார்ப்பெட். கதவைத் திறந்தபோது ஒன்றும் இல்லாமல், ஏசி போட்ட முதல் நிமிஷம் மட்டும் அழுக்குச் சாக்ஸ் வாடை அடித்துவிட்டு அடங்கினால் அது ஏசியின் கூலிங் காயிலில் படிந்த அழுக்கு. உள்ளே வரும் காற்றை வடிகட்டுகிற கேபின் ஃபில்டரை மாற்றுங்கள். வீடு வந்து சேர இரண்டு மூன்று நிமிஷம் இருக்கும்போதே ஏசியை அணைத்து வெறும் ஃபேனை ஓடவிட்டால் காயில் காயும், பாதித் தொல்லை குறையும்.

மற்ற வாடைகளையும் சொல்லிவிடுகிறேன். கவிச்சி என்றால் மீன் தண்ணீர். புளித்த தயிர் மாதிரி என்றால் பால். நெடியாக மூத்திர வாடை என்றால் குழந்தையாக இருக்கலாம், டேஷ்போர்டுக்குள் குடி வந்த எலியாகவும் இருக்கலாம். பாகு காய்ச்சினது போல இனிப்பாக வந்து, முன்கண்ணாடியில் எண்ணெய்ப் பசை மாதிரி படிந்தால் அது கார்ப்பெட் சமாச்சாரமே இல்லை. ஹீட்டர் காயிலிலிருந்து இன்ஜினைக் குளிர்விக்கிற கூலன்ட் கசிகிறது. நேராக மெக்கானிக்கிடம் போங்கள்.

"மழையே இல்ல, வாஷும் பண்ணல. ஆனா முன்சீட்ல இடது கால் வைக்கிற இடம் மட்டும் சொதசொதன்னு இருக்கு. எப்படி?"

சித்திரை வைகாசியில் இப்படி வந்தால் பத்துக்கு எட்டுத் தடவை ஏசி டிரெயின் பைப் அடைப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். இது என் கடை அனுபவக் கணக்கு. ஏசி ஓடும்போது கூலிங் காயிலில் காற்றின் ஈரம் தண்ணீராகச் சொட்டும். அது ஒரு சின்ன ரப்பர் பைப் வழியாகக் காருக்கு அடியில் இறங்க வேண்டும். தூசியும் இலைச் சக்கையும் அதை அடைத்தால் தண்ணீர் திரும்பி உள்ளே வழியும். நம் கார்களில் அந்தப் பெட்டி பெரும்பாலும் இடது பக்கம் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருப்பதால் இடது பக்கம்தான் நனையும்.

சோதிப்பது சுலபம். காய்ந்த தரையில் காரை நிறுத்தி இருபது நிமிஷம் ஏசியை ஓடவிடுங்கள். அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ வேண்டும். புழுக்கமான நாளில் ஒரு சொட்டுகூட விழவில்லை என்றால் பைப் அடைத்திருக்கிறது. அடியிலிருந்து மெதுவாகக் காற்று அடித்தால் திறந்துகொள்ளும். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் தட்டு ஓட்டையாகும்.

"எனக்கு மழை பெஞ்சா மட்டும்தான் ஈரம். கதவு நல்லாத்தானே மூடியிருக்கு?"

கதவு மூடியிருந்தாலும் கண்ணாடியை ஒட்டி வழியும் தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். கதவின் அடி விளிம்பில் இருக்கிற ஓட்டைகள் வழியாக அது வெளியே போய்விடும். கதவின் உள்பலகைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கும், தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது அதுதான். ஸ்பீக்கர் மாட்டவோ பவர் விண்டோ ரிப்பேர் பார்க்கவோ கதவைப் பிரித்தவர் அந்த ஷீட்டைக் கிழித்துவிட்டு அப்படியே மூடியிருப்பார். "எப்போதாவது ஸ்பீக்கர் மாத்தினீங்களா?" என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

அடுத்தது வைப்பருக்குக் கீழே இருக்கிற பிளாஸ்டிக் ஜாலி. வேப்ப மரத்தடியில் நிறுத்துகிற கார்களில் பூவும் சருகும் சேர்ந்து அங்கே வடிகாலை அடைத்துக்கொள்ளும். சன்ரூஃப் இருந்தால் அதன் நான்கு மூலை வடிகால் பைப்பும் அப்படித்தான். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிப் பாருங்கள், தண்ணீர் நின்றால் பின் விளக்கின் ரப்பரோ டிக்கியின் ஓர ரப்பரான பீடிங்கோ போயிருக்கிறது. தரைத் தகரத்தில் இருக்கிற ரப்பர் மூடி ஒன்று கழன்று விழுந்திருந்தாலும் தேங்கின தண்ணீரில் ஓட்டும்போது கீழேயிருந்து ஏறும்.

ஒருத்தர் உள்ளே டார்ச்சோடு உட்கார, இன்னொருத்தர் வெளியே மெல்லிய தாரையாகத் தோட்டக் குழாயைப் பிடித்து, கீழேயிருந்து மேலாக ஒவ்வொரு இடமாக நகர்த்த வேண்டும். ஓட்டை அகப்படும் வரை கார்ப்பெட்டில் கை வைக்காதீர்கள். காயவைத்த வேலை அடுத்த மழையில் வீணாகும்.

"வீட்லயே கழுவிக்கலாமா? என்னென்ன வேணும்?"

தாராளமாக. வாக்குவம் கிளீனர், நடுத்தர பிரஷ், நான்கைந்து பழைய பனியன் துணி அல்லது மைக்ரோஃபைபர் துணி, ஸ்ப்ரே பாட்டில், மென்மையான ஷாம்பு இருந்தால் போதும். ஈரத்தையும் உறிஞ்சுகிற வாக்குவம் கிடைத்தால் பாதி வேலை மிச்சம். சாதாரண வாக்குவத்தில் தண்ணீரை உறிஞ்சாதீர்கள், மோட்டாரும் போகும், ஷாக்கும் அடிக்கும்.

முதலில் மேட்டை எல்லாம் எடுத்து உதறி, காய்ந்த நிலையிலேயே மண்ணை உறிஞ்சி எடுங்கள். மண்ணோடு தண்ணீர் சேர்ந்தால் சேறாகி அடிமெத்தைக்கு இறங்கிவிடும். பிறகு ஒரு முழம் இடமாக எடுத்துக்கொண்டு, ஷாம்பு கலந்த தண்ணீரைப் பனி மாதிரி தெளித்து, நுரையை பிரஷால் தேய்த்து, உடனே துணியால் ஒற்றி எடுங்கள். தேய்த்துத் துடைக்காமல் அழுத்தி ஒற்ற வேண்டும். ஷாம்பு போனபின் வெறும் தண்ணீர் தெளித்து இன்னொரு முறை ஒற்றுங்கள். ஷாம்பு அப்படியே நின்றால் பிசுபிசுத்து, ஒரே வாரத்தில் பழைய அழுக்கு திரும்ப ஒட்டும். துணி துவைக்கிற பவுடர் வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். ஒரு கார் முழுக்க இரண்டு லிட்டர் தண்ணீருக்கு மேல் செலவானால் நீங்கள் அதிகமாக ஊற்றுகிறீர்கள்.

"வாட்டர் வாஷ்ல உள்ளேயும் பைப் வெச்சு அடிச்சுத் தந்தாங்க. பளிச்சுன்னு இருக்கு. தப்பா?"

அன்றைக்குப் பளிச்சென்றுதான் இருக்கும், நான்காம் நாள் தெரியும். தரைக் கார்ப்பெட்டுக்குக் கீழே வயர் கட்டுகளும் கனெக்டர்களும் ஓடுகின்றன. சில கார்களில் சீட்டுக்கு அடியிலேயே கம்ப்யூட்டர் பெட்டி உண்டு. மேட்டை வெளியே எடுத்துப் போட்டு எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கட்டும், தரைக் கார்ப்பெட்டில் அடிக்க விடாதீர்கள். ஏற்கெனவே அடித்துவிட்டார்கள் என்றால் அன்றே காயவைக்கும் வேலையை ஆரம்பியுங்கள்.

"வினிகரும் ஆப்ப சோடாவும் ஒண்ணா கலந்து போட்டா டபுள் எஃபெக்ட்டா?"

இரண்டும் ஒன்றையொன்று சாப்பிட்டுவிடும். வினிகர் அமிலம், சோடா காரம். கலந்தால் பொங்கும், பார்க்க ஜோராக இருக்கும், கடைசியில் மிஞ்சுவது கொஞ்சம் உப்புத் தண்ணீர். எந்த வாடைக்கு எது என்று பார்த்துத் தனித்தனியாகப் போடுங்கள். பொதுவான மக்கல் வாடைக்கு வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு மூன்று பங்கு கலந்து லேசாகத் தெளிக்கலாம். வினிகர் வாடை காய்ந்ததும் போய்விடும். ஆப்ப சோடாவைக் காய்ந்த கார்ப்பெட்டில் தூவி, ராத்திரி விட்டு, காலையில் உறிஞ்சி எடுங்கள். ஈரத்தில் தூவினால் கட்டி கட்டியாக நூலில் இறுகிக்கொள்ளும்.

பிளீச்சிங் பவுடரை மட்டும் காருக்குள் கொண்டுவராதீர்கள். நிறம் போவது ஒரு பக்கம் இருக்கட்டும், வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அடைத்த காருக்குள் அது விளையாட்டில்லை.

"துறைமுகத்துல வஞ்சிரம் வாங்கிட்டு வந்தேன். பை கிழிஞ்சு ஐஸ் தண்ணி பூரா கீழே. மூணு நாளாச்சு, பக்கத்துல யாரும் உட்கார மாட்டேங்கிறாங்க."

இது வாராவாரம் வரும், ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள். மீன் கவிச்சிக்குக் காரணமான ட்ரைமெத்தில்அமீன் காரத் தன்மை உடையது. அமிலம் பட்டால் உப்பாக மாறி, ஆவியாகாமல் அடங்கிவிடும். வீட்டில் மீனைப் புளித்தண்ணீர் விட்டு அலசுகிறார்களே, அதே வேலைதான். முதலில் குளிர்ந்த தண்ணீர் தெளித்து ஒற்றி, மீன் சாற்றை எடுக்க முடிந்தவரை எடுங்கள். பிறகு மேலே சொன்ன வினிகர் தண்ணீரைத் தெளித்துப் பத்து நிமிஷம் விட்டு ஒற்றுங்கள். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும். புளியையே கரைத்து ஊற்றிக்கொண்டு வந்தார் ஒருத்தர். கவிச்சி போயிருந்தது. கறையும் சர்க்கரையும் தங்கி எறும்பு வரிசை கட்டியிருந்தது. வினிகர் போதும்.

பை அளவுக்குத் தண்ணீர் கொட்டியிருந்தால் மேலே செய்வது மட்டும் பத்தாது, அடிமெத்தையைத் தூக்கியாக வேண்டும். அடுத்த தடவை மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றை டிக்கியிலேயே போட்டு வையுங்கள்.

"குழந்தை பால் கக்கிட்டான். சுடுதண்ணி ஊத்தித் துடைச்சேன், இன்னும் அதிகமாயிடுச்சு."

சுடுதண்ணீரில் பாலின் புரதம் இறுகி நூலோடு ஒட்டிக்கொள்ளும். பால், வாந்தி, ரத்தம், முட்டை எதுவானாலும் குளிர்ந்த தண்ணீர்தான். பால் கெட்டு வருகிற புளிப்பு அமிலத் தன்மை உடையது. அதனால் இங்கே வினிகர் உதவாது, ஆப்ப சோடாதான் சரி. ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் கரைத்துத் தெளித்து ஒற்றுங்கள். அதற்கும் போகவில்லை என்றால் செல்லப்பிராணி மூத்திரத்துக்கென்று விற்கிற என்சைம் கிளீனர் வாங்குங்கள். அது புரதத்தையும் கொழுப்பையும் சிதைக்கிறது. பாட்டிலில் சொன்ன நேரம் ஈரமாகவே இருந்தால்தான் வேலை செய்யும், ஐந்து நிமிஷத்தில் துடைத்தால் காசு வீண்.

"அடிமெத்தையைத் தூக்கணும்னா சீட்டெல்லாம் கழட்டணுமா? பயமா இருக்கே."

முன்பக்கம் ஒரு கால் வைக்கிற இடம் மட்டும் நனைந்திருந்தால் சீட்டைக் கழற்ற வேண்டாம். கதவடியில் நீளமாக ஒரு பிளாஸ்டிக் பட்டை இருக்கும், அது கிளிப்பில்தான் நிற்கிறது. ஒரு முனையில் விரலை விட்டு நேராக மேலே தூக்கினால் டக் டக்கென்று கழலும். பட்டை எடுத்தபின் கார்ப்பெட் ஓரத்தைப் பிடித்து மெதுவாகத் தூக்குங்கள். கையை உள்ளே விட்டால் அடிமெத்தை அகப்படும். அப்போதுதான் பலர் முகம் மாறும். மேலே காய்ந்த கார்ப்பெட், கீழே பிழிந்தால் ஒழுகுகிற மெத்தை. கார்ப்பெட்டுக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு செங்கல்லைத் துணி சுற்றி நிறுத்துங்கள், அல்லது ஒரு தென்னை மட்டைத் துண்டை முட்டுக்கொடுங்கள். காற்று போகும் சந்து கிடைத்துவிட்டது.

ரெண்டு பக்கமும் நனைந்திருந்தால் சீட்டைக் கழற்றத்தான் வேண்டும். ஒரு சீட்டுக்கு நான்கு போல்ட், பல கார்களில் 14-ஆம் நம்பர் பாக்ஸ் ஸ்பேனர் போதும். பயப்பட வேண்டியது போல்ட்டுக்கு இல்லை, வயருக்கு. சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக் அல்லது மோதலின்போது சீட் பெல்ட்டை இறுக்குகிற இழுப்பானுடையது. இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, பத்து நிமிஷம் பொறுத்துத்தான் அதைப் பிடுங்க வேண்டும். பிடுங்கிய நிலையில் சாவியைத் திருப்பினால் ஏர்பேக் விளக்கு எரிந்து நிற்கும், ஸ்கேனர் வைத்துத்தான் அணைக்க முடியும். எலக்ட்ரிக், ஹைப்ரிட் கார்களில் ஆரஞ்சு நிற வயரைக் கண்டால் கையை எடுத்துவிடுங்கள், அது கம்பெனி ஆள் வேலை.

"கார்த்திகை மாசம், மூணு நாளா சூரியனையே காணோம். எப்படிக் காயவைக்கிறது?"

மழைக்காலத்தில் கண்ணாடியை இறக்கி வைப்பது நல்லது என்று நினைக்கிறோம். வெளிக்காற்றே தொண்ணூறு சதவீத ஈரத்தோடு இருக்கும்போது எது எதைக் காயவைக்கும்? முதலில் உறிஞ்ச முடிந்ததை உறிஞ்சுங்கள். அடிமெத்தைக்குமேல் பழைய டர்க்கி டவலை மடித்துப் போட்டு, அதன்மேல் ஏறி நில்லுங்கள். பிழிந்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். ஏழெட்டு முறை செய்தால் நம்ப முடியாத அளவு தண்ணீர் வரும். பிறகு செய்தித்தாளைத் தூக்கிய கார்ப்பெட்டுக்கு அடியில் திணித்து, இரண்டு மணிக்கு ஒரு தடவை மாற்றுங்கள்.

அடுத்தது ஏசி. ஏசி காற்றைக் குளிர்விக்கும்போதே அதன் ஈரத்தையும் பிழிந்து எடுக்கிறது. கண்ணாடிகளை ஏற்றி, ஏசியைப் போட்டு, சூடு குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்பி, காற்றைக் காலடிப் பக்கம் விட்டு, உள்காற்றையே சுற்றவிடுங்கள். சூடான, உலர்ந்த காற்று கார்ப்பெட்டில் படும். டிரெயின் பைப்பைச் சரிபார்த்துவிட்டு இதைச் செய்யுங்கள். அடியில் சொட்டுகிற தண்ணீரில் பெரும்பங்கு உங்கள் கார்ப்பெட்டிலிருந்து வந்ததுதான், பார்க்கவே மனசுக்குத் திருப்தியாக இருக்கும். அரை மணி ஓடவிட்டு, கதவைத் திறந்து புழுக்கத்தை வெளியேற்றி, மறுபடி அரை மணி. திறந்த வெளியில் மட்டும். மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும், வாடையே தெரியாமல் ஆளைச் சாய்த்துவிடும். உள்ளே படுத்துத் தூங்கவும் கூடாது.

போர்ட்டிகோவில் நிறுத்த வசதி இருந்தால் ஒரு பெடஸ்டல் ஃபேனை முன்கதவில் வைத்து, குறுக்கே பின்கதவைத் திறந்துவிடுங்கள். செங்கல் வைத்த சந்துக்கு நேராகக் காற்று போகட்டும். ஒரு ராத்திரி, ஒரு பகல், இன்னொரு ராத்திரி. ஹேர் டிரையர் வைத்தால் சாமான்ய சூட்டில் வையுங்கள். பெயின்ட் உரிக்கிற ஹீட் கன் வேண்டாம், நூல் உருகிக் கட்டியாகும்.

"காஞ்சிடுச்சா இல்லையான்னு எப்படி உறுதியா தெரிஞ்சுக்கிறது?"

ஒரு பால் கவரைக் கழுவி, பிரித்து, துடைத்துக் காயவையுங்கள். ராத்திரி அதை அடிமெத்தையின் மேல், முடியாவிட்டால் கார்ப்பெட்டின் மேல், தட்டையாக விரித்து நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். காலையில் கவரின் அடிப்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால் இன்னும் காயவில்லை. சுத்தமாக இருந்தால் செங்கல்லை எடுத்துவிட்டுப் பட்டையை மாட்டலாம். அவசரக்காரர்கள் டிஷ்யூ பேப்பரை வைத்து ஒரு நிமிஷம் குதிகாலால் அழுத்திப் பார்க்கலாம். மேல் ஈரத்துக்கு அது போதும், அடி ஈரத்துக்குப் பால் கவர்தான்.

"கற்பூரம், பாச்சை உருண்டை, அடுப்புக்கரி, எலுமிச்சம்பழம்... எது நல்லது?"

ஈரத்தை எடுக்காத எதுவும் வாடையை எடுக்காது. கற்பூரமும் பெர்ஃப்யூமும் மேலே ஒரு மணத்தைப் பூசுகின்றன, அவ்வளவுதான். மக்கல் வாடையும் மல்லிகை வாசமும் சேர்ந்தால் வாந்திதான் வரும். பாச்சை உருண்டை காருக்குள் கூடவே கூடாது. வெயிலில் அது வேகமாக ஆவியாகும், நாப்தலின் வகை உருண்டை என்றால் ஜி6பிடி என்ற என்சைமில் பிறவிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு ரத்த அணுக்களையே சிதைக்கும். குறைபாடு இருப்பது பல வீடுகளில் தெரிந்திருக்காது. அடுப்புக்கரி சும்மா கிடக்கும், ஆக்டிவேட்டட் கார்பன் பை கொஞ்சம் பரவாயில்லை. சிலிக்கா ஜெல் பை எல்லாம் காய்ந்த காரைக் காய்ந்தபடி வைத்திருக்கத்தான்.

"வாராவாரம் சில்வர் பீச் போவோம். பசங்க மணலோட ஏறுறாங்க. கார்ப்பெட் எப்பவும் லேசா பிசுபிசுன்னே இருக்கு."

உப்பு. கடல் தண்ணீர் காய்ந்தாலும் உப்பு நூலில் தங்கிவிடும், அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிகிறதே, அப்படி. எவ்வளவு காயவைத்தாலும் ராத்திரி திரும்ப ஈரம் கோக்கும். தரைத் தகரமும் துருப்பிடிக்கும். நல்ல தண்ணீர் தெளித்து ஒற்றுவதை இரண்டு மூன்று சுற்று செய்தால்தான் உப்பு வெளியேறும். போர் தண்ணீரே உப்பாக இருக்கிற தெருவில் இருந்தால் கேன் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு லிட்டர்தானே. பீச்சுக்குப் போகும்போது இரண்டு பாட்டில் தண்ணீரும் ஒரு துண்டும் டிக்கியில் இருந்தால், காலைக் கழுவித் துடைத்துவிட்டு ஏறலாம்.

"7டி மேட் போட்டுட்டா இந்தத் தொல்லையே இல்லைன்னு கடையில சொன்னாங்க."

7டி மேட் என்பது தரையை முழுக்க மூடுகிற தோல் மாதிரி மேட். ஈரத்தை மூடி வைத்ததில் நானும் குற்றவாளி. சில வருஷம் முன்பு ஒரு காருக்குத் தரை முழுக்க, கார்ப்பெட்டின் மேல் லேமினேஷன் விரிப்பு ஒட்டிக் கொடுத்தேன். கார்ப்பெட் மேலே காய்ந்திருந்தது, நானும் மேலே மட்டும் தொட்டுப் பார்த்தேன். இருபது நாளில் திரும்பி வந்தார். லேமினேஷனை உரித்தால் அடியில் பஞ்சு பிய்த்துப் போட்டதுபோல் வெள்ளைப் பூஞ்சை, என் கை அகலத்துக்கு. காசைத் திருப்பிக் கொடுத்து, அடிமெத்தையும் வாங்கிப் போட்டேன். அன்றிலிருந்துதான் பால் கவர் சோதனை.

7டி மேட் மேலே கொட்டுவதைத் தடுக்கும். கீழேயிருந்து வரும் ஈரத்தை மூடி வைக்கும். போடுவதானால் அடி காய்ந்த பின் போடுங்கள், மழைக்காலத்தில் வாரம் ஒரு தடவை தூக்கிப் பாருங்கள். எனக்குப் பிடித்தது ஓரம் உயர்ந்த சாதாரண ரப்பர் மேட். எடுத்தோம், கொட்டினோம், போட்டோம். சுருள் சுருளான நூடுல்ஸ் மேட் வேண்டாம், மண்ணும் தண்ணீரும் அதற்குள் குடியிருக்கும். எதைப் போட்டாலும் டிரைவர் பக்கம் கிளிப்பில் மாட்டுங்கள், நகர்ந்து பெடலுக்கு அடியில் போனால் ஆபத்து.

"வெள்ளத் தண்ணி சீட் வரைக்கும் ஏறிடுச்சு. கழுவினா சரியாகிடுமா?"

2015 நவம்பரில் கடலூரிலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியிலும் இந்தக் கேள்விதான் ஓயாமல் வந்தது. ஃபெஞ்சலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றது. அடுத்து சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருகியதில் நம் பக்கமும் மூழ்கியது.

சாவியைத் திருப்பாதீர்கள். முதலில் போட்டோ எடுங்கள்: தண்ணீர் நின்ற உயரம், உள்பக்கம், நம்பர் பிளேட். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லி, சர்வேயர் பார்க்கும் முன் எதையும் பிரிக்காதீர்கள். முழு பாலிசியில் வெள்ளச் சேதம் வரும், தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்தால் வராது. தண்ணீர் புகுந்தபின் ஸ்டார்ட் செய்து இன்ஜின் உடைந்தால், இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பீடு தனியாக எடுத்திருந்தால் தவிரப் பெரும்பாலும் தரமாட்டார்கள்.

கார்ப்பெட் விஷயத்துக்கு வந்தால், வெள்ளத் தண்ணீரில் சாக்கடையும் கலந்திருக்கும். அந்த அடிமெத்தையைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். மேல் கார்ப்பெட்டை முழுசாக வெளியே எடுத்துச் சோப்புப் போட்டு அலசி, கொடியில் காயப்போடலாம். எலிக்காய்ச்சல் பரவுகிற தண்ணீர் அது, கையுறையும் ரப்பர் செருப்பும் இல்லாமல் இறங்க வேண்டாம். காலில் புண் இருந்தால் வேறு ஆளை வைத்துச் செய்யுங்கள்.

"வெள்ளையா, பச்சையா பூத்திருக்கு. அம்மாவுக்கு வீசிங் வேற இருக்கு."

அம்மாவை அந்தக் காரில் ஏற்றாதீர்கள், சரியாகும் வரை. திறந்த வெளியில், என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு, பூஞ்சையை பிரஷால் தட்டாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள். பிறகு வினிகர் தண்ணீர், பிறகு காயவைத்தல். அடிமெத்தைக்குள்ளேயே பூத்திருந்தால் வெள்ளக் காருக்குச் சொன்னதுதான்: மாற்றிவிடுங்கள்.

"ஓசோன் மிஷின் வெச்சா ஒரே மணி நேரத்துல போயிடும்ங்கிறாங்களே?"

காய்ந்த காரில் மிச்சமிருக்கிற வாடைக்கு உதவும். ஈரக் காரில் வைத்தால் இரண்டு வாரத்தில் வாடை திரும்பும், காசு திரும்பாது. மிஷின் ஓடும்போது உள்ளே ஆளோ பிராணியோ இருக்கக் கூடாது. முடிந்ததும் கதவைத் திறந்து நன்றாகக் காற்றாட விட வேண்டும். அடிக்கடி வைத்தால் ரப்பர் பீடிங் வெடிக்கும்.

"பழைய கார் வாங்கப் போறேன். வெள்ளத்துல நின்ன காரான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

உள்ளே ஏறினதும் பெர்ஃப்யூம் மூக்கைத் துளைத்தால் ஜாக்கிரதை. ஏசியை அணைக்கச் சொல்லி, கண்ணாடியை ஏற்றி, பத்து நிமிஷம் பேசிக்கொண்டே உட்காருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், வண்டல் கோடு தெரியும். சீட் ரயிலுக்கு அடியில் விரலைவிட்டுத் தடவினால் நைசான சேறு ஒட்டும். கார் பத்து வருஷம் பழையது, கார்ப்பெட் மட்டும் புதுசு, சீட் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தழும்பு என்றால் நான் வாங்கமாட்டேன். கவர் மாற்றக் கழற்றினோம் என்று சொல்வார்கள். நானே கழற்றுகிறவன்தான், ஆனால் போல்ட் தலையில் துரு ஏற நான் காரணமில்லை.

"நீங்க சொன்னது அத்தனையும் செஞ்சாச்சு. பால் கவர் சோதனையும் பாஸ். இன்னும் லேசா நாறுது."

அப்படியானால் வாடை கார்ப்பெட்டில் இல்லை. சீட் ஸ்பாஞ்சை மோந்து பாருங்கள், டிக்கியின் பக்கவாட்டுத் துணி, கூரைத் துணி, ஸ்டெப்னி குழி எல்லாவற்றையும் பாருங்கள். முன் கார்ப்பெட் டேஷ்போர்டுக்குப் பின்னால் மேலே ஏறிப் போகும், அங்கே இருக்கிற மெத்தையைக் கை விட்டுத் தொட்டால்தான் தெரியும்.

லாஸ்பேட்டையிலிருந்து ஒரு கார் இப்படி மூன்று தடவை வந்தது. தரை, சீட், ஏசி எல்லாம் சுத்தம். இனி முடியாது என்று நானும் விட்டுவிட்டேன். கடைப் பையன் பின்சீட்டைத் துடைக்கும்போது பெல்ட் சரியாக உள்ளே சுருண்டு போகவில்லை என்று இழுத்தான். ஒரு முழம், இரண்டு முழம் வந்ததும் புளித்த வாடை குப்பென்று அடித்தது. எப்போதோ குழந்தை எடுத்த வாந்தி, துடைக்காமலே உருளைக்குள் சுருண்டுகொண்டிருந்தது. பெல்ட்டை முழுசாக இழுத்து, திரும்பிப் போகாமல் துணிக் கிளிப் இரண்டு போட்டு, மென்மையான சோப்புத் தண்ணீரில் மட்டும் தேய்த்தோம். பிளீச்சோ வேறு காட்டமான மருந்தோ பட்டால் பெல்ட் நூலின் வலு போய்விடும். ஒரு நாள் முழுக்க அப்படியே காயவிட்டு, மறுநாள் கிளிப்பை எடுத்தோம்.